கூடைக்குக் கழிவு

எனக்குக் கோர்வையாக எழுத வராது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன். அதற்குப் பிறகு கை பிடித்ததெல்லாம் தேயிலைக் கொழுந்துக் கூடையும் களைக்கொத்தும்தான். மறதியும் வந்துவிட்டது. அடுப்பில் வைத்த பாலை மறந்துவிடுகிறேன், பொங்கி வழிந்த பிறகுதான் ஞாபகம் வருகிறது. அதனால் இதில் முன்னுக்குப் பின் முரணாக ஏதாவது இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சிலோனிலிருந்து வந்து இந்த மலையிலும் வேறு எங்கெங்கோ ஒதுங்கிய நம் சனங்களும், வராமல் அங்கேயே இருந்துவிட்ட நம் சனங்களும் படிப்பார்கள் என்று எழுதக் கேட்டவர்கள் சொன்னதால்தான் எழுத உட்கார்ந்தேன். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். தாளுக்கு முன்னால் அவ்வளவு கூச்சம் இல்லை.

கொடைக்கானலுக்கு மேலே இந்தக் கவுஞ்சிக்கு வந்த புதிதில் எனக்கு விசித்திரமாக இருந்தது விடியற்காலைதான். ஹட்டன் பக்கத்து எங்கள் தோட்டத்தில் இருட்டு பிரியும் முன்னே பெரட்டுத் தப்பு என்று பறை அடிப்பார்கள். அந்தச் சத்தத்துக்கு வரிசை வீடுகளான லயத்தில் உள்ள அத்தனை பேரும் எழுந்து, பால் இல்லாத சாயத்தண்ணி குடித்துவிட்டு, பெரட்டுக் களத்தில் போய் நிற்க வேண்டும். யார் எந்த மலைக்குக் கொழுந்து எடுக்கப் போவது என்று அங்கேதான் பெயர் கூப்பிட்டுப் பிரிப்பார்கள். கவுஞ்சியிலும் அதே குளிர், அதே பனி. ஆனால் தப்பு இல்லை. நான் பழக்கதோஷத்தில் எழுந்து, தலையில் கம்பளியைப் போட்டுக்கொண்டு குடிசை வாசலில் நிற்பேன். யாரும் கூப்பிட மாட்டார்கள். எங்களுக்கு வேலை கொடுத்து, ஒதுங்க இடமும் கொடுத்த வெள்ளத்தாயி அக்கா மாட்டுக்கு வைக்கோல் போட வரும்போது இதைப் பார்த்துவிட்டார்.

“ஏத்தா, இம்புட்டு வெள்ளனே யாருக்காக நிக்குற?”

“கூப்பிடுவாங்கன்னு நிக்கிறேங்க.”

“யாரு கூப்புடுவா?”

“அதாங்க தெரியல.”

மறுநாள் ஊர் முழுக்க, சிலோன்காரிக்குக் காத்துக் கருப்பு அடிச்சிருக்கு என்று பேச்சு. வெள்ளத்தாயி அக்காவே நெற்றியில் திருநீறு பூசிவிட்டுப் போனார். என்னைப் பிடித்திருந்தது பேயல்ல, தப்புச் சத்தம் என்று எப்படிச் சொல்வது? சும்மா நெற்றியைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

நாங்கள் வந்தது அறுபதுகளின் கடைசியில், இரண்டு அரசாங்கமும் எங்களைப் பிரித்துக்கொண்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு. என் வீட்டுக்காரர் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்தார். என் அக்கா தங்கத்தின் வீட்டுக்காரர் அங்கேயே இருக்க எழுதிக் கொடுத்தார். ஒரே லயத்தில் ஒரு சுவர் தள்ளி இருந்தவர்கள் நாங்கள். சுவரைத் தட்டி உப்புக் கேட்டால் இந்தப் பக்கம் வந்துவிடும். தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் கொஞ்ச காலம் கிடந்து, கடைசியில் அவருடைய தாத்தா பிறந்த ஊர் என்று கன்னிவாடிக்குப் போனோம். அங்கே சொந்தக்காரர்கள் எங்களை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் அவர்களுக்கே வேலை இல்லை, வெயிலோ எங்களுக்குத் தாங்கவில்லை. மலைமேல் உருளைக்கிழங்குக்கும் பூண்டுக்கும் ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு ஏறி வந்தோம். கொடைக்கானல் வரைக்கும் பஸ், அதற்கு மேலே கிழங்கு ஏற்றப் போன மட்டக் குதிரைகளுக்குப் பின்னால் நடை. என் மகள் பரமேசுக்கு அப்போது ஏழு வயது. கவுஞ்சியின் படிப்படியான வயல்களைப் பார்த்துவிட்டு, “தேயிலையை எல்லாம் யாரும்மா புடுங்கிட்டாங்க?” என்று கேட்டாள்.

அவளைப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பில் சேர்த்தோம். ஓடு போட்ட ஒரே கட்டடம். ஒன்றாவதிலிருந்து ஐந்தாவது வரை அதற்குள்தான். சின்னப் பிள்ளைகளுக்கு ரோஸ்லின் டீச்சர். அவர் கொடைக்கானல் டவுனில் மிஷன் பள்ளியில் படித்தவர். திங்கட்கிழமை ஏறி வந்தால் சனிக்கிழமைதான் இறங்குவார். சுத்தமான சேலை, கறுப்புக் குடை, பேச்சில் நாலுக்கு ஒரு இங்கிலீஷ் வார்த்தை. நல்ல மனுஷிதான். ஆனால் எங்கள் தோட்டத்தில் அந்த மாதிரி உடுத்தியவர்கள் வந்தால் நாங்கள் வழியை விட்டு இறங்கி நிற்போம். அதனால் டீச்சர் எதிரே வந்தால் என் கால் தானாக ஓரத்துக்குப் போய்விடும். அவர் சிரித்துக்கொண்டே, “ரோடு நம்ம ரெண்டு பேருக்கும் போதும்மா” என்பார். நான் அப்படியும் இறங்கித்தான் நிற்பேன்.

பரமேசைப் பிள்ளைகள் பாண் என்று கூப்பிட்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் ஒரு நாள் ரொட்டியைப் பாண் என்று சொல்லிவிட்டாளாம். “ஏலே, பாணு வருது, பாணு வருது! தள்ளி உக்காருங்கலே, பிச்சுத் தின்னுபுடாதீங்க!” என்று கத்துவார்கள். அதற்கெல்லாம் அவள் அசரவில்லை. அவளை அசைத்தது பெருக்கல் கணக்கு. இரண்டாம் வகுப்பில் அந்தப் பருவத்தில்தான் பெருக்கலைத் தொடங்கியிருந்தார் டீச்சர். ஈரிரண்டு நாலு, மூவிரண்டு ஆறு என்று வாய்ப்பாடு சொல்வதில் பரமேசுக்குக் குறையே இல்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கேட்டுக் கேட்டுப் பழகியது. பிறகு டீச்சர் வாய்ப்பாட்டைக் கதையாக்கிக் கேட்பாராம். ஒரு குதிரைக்கு நாலு கால், மூணு குதிரைக்கு எத்தனை? பன்னிரண்டு என்று பட்டென்று சொல்லிவிடுவாள். ஒரு கூடையில் பத்து கிலோ கிழங்கு, மூணு கூடையில் எத்தனை கிலோ? இருபத்து நாலு என்பாள். மறுபடி கேட்டால் மறுபடியும் இருபத்து நாலு. விரலை வைத்து எண்ணச் சொன்னால் வாயைத் திறக்க மாட்டாள். ஒரு வெள்ளிக்கிழமை நான் கிழங்குக் காட்டில் மண் அணைத்துக்கொண்டிருந்தபோது டீச்சர் வரப்பிலேயே வந்து நின்றார்.

“ஏம்மா, ஒங்க பொண்ணு நெனச்சா சரியாச் சொல்றா, நெனச்சாத் தப்பாச் சொல்றா. பிடிவாதமா, இல்ல ஸ்லோவா, எனக்குப் புரியல. இன்னும் வகுத்தல் வேற ஆரம்பிக்கணும். அடுத்த வாரம் வரைக்கும் பாப்பேன். இல்லேன்னா திரும்ப ஒண்ணாங் கிளாஸ்ல போய் ஒக்காரட்டும், என்ன?”

நான், “சரிங்க” என்றேன். எனக்கு எப்போதும் முதலில் வருவது அந்த வார்த்தைதான்.

ராத்திரி சாப்பிடும்போது என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. “சின்னப் புள்ளைகளோட கொண்டுபோய் ஒக்கார வச்சா அவ போக மாட்டா. படிப்பு வரலைன்னா விடு. கெழங்கு பொறுக்கட்டும், ரெண்டு கை கூட ஆகும்” என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. என் அம்மாவும் இப்படித்தான் ஒரு நாள், “போதும், தோட்டத்துல பேர் பதியச் சொல்லியாச்சு” என்றாள். மறுநாள் தலையில் கயிறு மாட்டிக் கூடையைத் தொங்கவிட்டார்கள். ஐந்தாவது வகுப்புக்குப் பிறகு ஆறாவது என்று ஒன்று இருக்கிறது என்பதையே நான் மறந்து போனேன். என் மகளுக்கு இரண்டாவது வகுப்பிலேயே அது நடக்கப் போகிறதே என்று சோற்றை மூடி வைத்துவிட்டேன்.

மறுநாள் அடுப்புக்கு மேலே பரணில் புகை காட்டத் தொங்கவிட்டிருந்த பூண்டுக் கட்டுகளை இறக்கி, நானும் அவளுமாகத் தாள் கிள்ளிக்கொண்டிருந்தோம். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டேன். “மூணு கூடை. கூடைக்குப் பத்து. எத்தனைடி?”

“இருபத்து நாலு.”

“மூணு பத்து முப்பது இல்லையா?”

“முப்பதுதான். கூடைக்குக் கழிக்கணும்ல?” என்றாள், என்ன அம்மா இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி.

பூண்டு அப்படியே கையில் நின்றுவிட்டது. ஏனென்றால் அவள் சொன்னது சரி. என்னைக் கேட்டிருந்தாலும் நான் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அங்கே இருந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். கொழுந்தை நிறுக்கும்போது கணக்கப்பிள்ளை தராசில் தெரிகிற றாத்தல் எடையை எழுத மாட்டார். கூடையின் எடைக்கு என்றும், மழை நாளில் ஈரத்துக்கு என்றும் ஒவ்வொரு கூடைக்கும் இரண்டு றாத்தல் கழித்துவிட்டு மிச்சத்தைத்தான் எழுதுவார். கூடை அவ்வளவு கனம் இருக்காது என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் கேட்டதில்லை. பரமேசு எழுத்துப் படிக்கும் முன்னே எண்ணைப் படித்தது அந்த நிறுவைக் களத்தில்தான். தங்கம் அக்காவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்பாள். தராசைப் பார்த்ததும், “பெரியம்மா, பதினாறு காட்டுது, பதினாலு எழுதுவாரு” என்று முன்கூட்டியே சொல்லிவிடுவாள். அக்கா அவள் வாயைப் பொத்திவிட்டு, “என் கணக்கப்புள்ள இவதான்” என்று சிரிப்பாள். அந்தப் பிள்ளைக்குக் கூடை என்றால் கழிவும் சேர்ந்ததுதான் கூடை. குதிரைக்குக் கழிவு கிடையாது, அதனால் குதிரைக் கணக்கு சரியாக வந்தது.

காரணம் தெரிந்துவிட்டது. ஆனால் அதை டீச்சரிடம் யார் சொல்வது? என் வீட்டுக்காரரைக் கேட்டேன், அவர் எழுந்து மாட்டைக் கட்டப் போய்விட்டார். தோட்டத்தில் ஒரு குறை சொல்ல வேண்டுமென்றால் ஆபீஸ் படிக்குக் கீழே கையைக் கட்டி நிற்க வேண்டும். தொரை பார்க்கும்வரை நிற்க வேண்டும். பார்த்த பிறகு சொல்ல வந்தது மறந்துவிடும். அப்படிப் பழகிய வாய் எப்படித் திறக்கும்? திங்கட்கிழமை வெள்ளத்தாயி அக்காவிடம் விஷயத்தைச் சொல்லி, நீங்கள் வந்து பேசுங்கள் என்று கெஞ்சினேன். அவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“பெத்தவ நீயா நானா? ஒன் வாயில என்ன கொழுக்கட்டையா கெடக்கு? எனக்கு ஆயிரம் சோலி கெடக்கு. டீச்சரம்மா பாடத்துக்குப் பூண்டு வேணும்னு கேட்டு விட்டுருக்காக. ஒரு கூடை கொண்டுபோயிக் குடு. குடுக்கும்போது பேசு. பேசாம வந்தீனா ஒனக்கு இன்னைக்குச் சோறு கெடையாது. வெரசாப் போ.”

கூடையைத் தூக்கிக்கொண்டு போனேன். வகுப்புக்குள் போகக் கால் வரவில்லை. உள்ளே ஏற்கெனவே கொஞ்சம் பூண்டு வைத்துக்கொண்டு டீச்சர் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். நான் சன்னலுக்கு வெளியே நின்றேன். வகுத்தல் அன்றைக்குத்தான் ஆரம்பம் போலிருக்கிறது. கரும்பலகையில் ஒன்றும் எழுதவில்லை. தரையில் கோணியை விரித்து, எண்ணிப் பன்னிரண்டு பூண்டை வைத்திருந்தார். ஊர்ப் பையன் ஒருவனைக் கூப்பிட்டு, “இத மூணு பேருக்குச் சமமாப் பிரிச்சு வை, பாப்போம்” என்றார். அவன் வளர்ந்த ஆள் மாதிரிக் குந்தி உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக் கூறு போட்டான். பார்த்தால் நாலு கூறு, கூறுக்கு மூன்று பூண்டு.

“மூணு பேருக்குத்தானே சொன்னேன்? நாலு கூறு எதுக்குலே?”

“அது சாமி கூறு, டீச்சர்.”

பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை. கவுஞ்சியில் பூண்டு பறித்துப் பங்கு வைக்கும்போது முதல் கூறு சாமிக்கு என்று ஒதுக்கிவிட்டுத்தான் மற்றவர்களுக்கு வைப்பார்கள். அது அவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. டீச்சருக்கும் தெரிந்திருந்தது. அவர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு, “ஒவ்வொரு வருஷமும் இந்தச் சாமி என் கிளாசுக்கு வந்துருவாரு. பாடத்துல சாமி கூறு கெடையாது கண்ணு. வீட்டுல வை, இங்க வைக்காத. எடு, மறுபடி வை” என்றார். அவன் சிரித்துக்கொண்டே மறுபடி வைத்தான். மூன்று கூறு, கூறுக்கு நாலு. அவ்வளவுதான். அவனை யாரும் ஒன்றாம் வகுப்புக்கு அனுப்பவில்லை.

எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்தது என்று இன்றைக்கும் தெரியாது. அந்தப் பையனுடைய தப்பு இந்த ஊருக்குத் தெரிந்த தப்பு. என் பிள்ளையுடைய தப்புக்கு இங்கே தெரிந்தவர்கள் யாரும் இல்லை, என்னைத் தவிர. சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசினேன். சத்தமாகப் பேசிவிட்டேன் போலிருக்கிறது, மொத்தப் பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தார்கள்.

“டீச்சர், எங்க புள்ளைக்கும் அந்த மாதிரி ஒரு கூறு இருக்குதுங்க. அது சாமிக்கு இல்லீங்க. தொரைக்கு.”

“தொரைக்கா? எந்தத் தொரைக்கும்மா?” என்றார் டீச்சர். கவர்னர் யாரோ வருகிறார் என்று நினைத்தாரோ என்னவோ, சேலையைச் சரிசெய்துகொண்டு வாசலை எட்டிப் பார்த்தார். நான் திக்கித் திக்கிச் சொன்னேன். தராசு, கணக்கப்பிள்ளை, கூடைக்குக் கழிவு. பாதிக்கு மேல் அவருக்கு என் பேச்சே புரியவில்லை. பரமேசுதான் எழுந்து நின்று, நான் விட்டதையெல்லாம் எடுத்துச் சொன்னாள். அத்தனை நாள் வாய் திறக்காத பிள்ளை. டீச்சர் முதலில் முழித்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். “சாமிக்கும் தொரைக்கும் குடுத்தது போக மிச்சத்தைத்தான் நான் பாடமா எடுக்கணும் போலிருக்கு” என்றார். சிரித்து முடித்ததும் பரமேசைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

“இங்க பாரு பரமேஸ்வரி. இங்க கூடைக்குக் கழிவு கெடையாது.”

அவள் யோசித்தாள். “அப்ப கூடை யாருது டீச்சர்?”

“கூடையும் ஒனக்குத்தான்.”

“எனக்கேவா?”

“ஒனக்கேதான். இப்பச் சொல்லு. கூடைக்குப் பத்து, மூணு கூடை.”

“முப்பது” என்றாள். நான் கொண்டு வந்த பூண்டைச் சன்னல் கீழேயே வைத்துவிட்டு நடந்தேன். காட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் வெள்ளத்தாயி அக்காவிடம் நடந்ததைச் சொன்னேன். டீச்சர் கழிவு கிடையாது என்று சொல்லிவிட்டார் என்றதும் அவர் ஒரு கத்துக் கத்தினார். “டீச்சரம்மாவுக்கு என்னத்தா தெரியும்? வத்தலக்குண்டு மண்டியில மூட்டைக்கு ரெண்டு கிலோ கழிச்சிட்டுத்தான் எழுதுறானுக! ஒன் மக சொன்னதுதான் நெசம். அவளை என்கூட மண்டிக்கு அனுப்பு!” எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த ஊருக்கு வந்து நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். கடல் தாண்டி வந்தும் கழிவு எங்களுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருக்கிறதே என்ற சிரிப்பு.

பரமேசு இரண்டாம் வகுப்பிலேயே இருந்தாள். பிறகு வகுத்தலில் மீதி என்ற பாடம் வந்தது. பதிமூன்று பூண்டை மூன்று பேருக்குப் பிரித்தால் ஒன்று நிற்கும், அதை யாருக்கும் கொடுக்கக் கூடாது, பக்கத்தில் தனியாக எழுத வேண்டும் என்று டீச்சர் சொன்னாராம். அதையும் சாமிக்குக் கொடுத்துவிடலாம் என்று பிள்ளைகள் பெரிய சண்டை போட்டார்களாம். வீட்டில் பாடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தவள் திடீரென்று, “பெரியம்மா மீதியாம்மா?” என்று கேட்டாள். நான் அடுப்பை ஊதினேன். இங்கிருந்து பார்த்தால் அக்கா மீதி. லயத்தில் அந்தச் சுவர் ஓரமாக உட்கார்ந்து பார்த்தால் நாங்கள்தான்.

பரமேசு பிறகு நிறையப் படித்தாள். கொடைக்கானலில் ஒரு பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சராகவே இருந்து ஓய்வும் பெற்றுவிட்டாள். பெருக்கல் பாடத்தில் கடைசிவரை கூடைக் கணக்கு கொடுத்ததில்லை என்று சொல்வாள். குதிரைதான். நான் கவுஞ்சியை விட்டுப் போகவில்லை. பூண்டு எடுத்து வீட்டில் பிள்ளைகளுக்குக் கூறு போடும்போது நானும் இந்த ஊர்க்காரியைப் போல ஒரு கூறு அதிகமாக வைக்கிறேன். மற்றவர்கள் அதைச் சாமி கூறு என்று நினைக்கிறார்கள். அது தங்கம் அக்காவுக்கு. அனுப்ப வழி இல்லாமல் பரணிலேயே தொங்கி, முளை விட்டு, கடைசியில் விதைப் பூண்டாகி மண்ணுக்குப் போகும்.

ஒரு விஷயத்தை மட்டும் யாராவது சரிபார்த்துச் சொல்ல வேண்டும். கூடைக்கு இரண்டு றாத்தல் கழிப்பார்கள் என்று எழுதியிருக்கிறேன். எழுதிய பிறகு சந்தேகம் வந்துவிட்டது. மழை நாளில் மூன்று என்றும் ஒரு ஞாபகம் இருக்கிறது. மூன்று என்றால் என் மகள் அன்றைக்குச் சொன்னது இருபத்து நாலாக இருக்காது, இருபத்தொன்றாக இருக்கும். அவளைக் கேட்டால், “அம்மா, நீதான் சொல்லிச் சொல்லி எனக்கு இருபத்து நாலு ஆக்கிட்ட” என்கிறாள். போனில் தங்கம் அக்காவைக் கேட்டேன். அவளுக்கு இப்போது காது கேட்பதில்லை. “ரெண்டாக்கா?” என்றேன். “ஆமா ஆமா” என்றாள். “மூணாக்கா?” என்றேன். அதற்கும் “ஆமா ஆமா” என்று சொல்லிவிட்டு, “சாப்பிட்டியா?” என்று கேட்டாள். ஹட்டன் பக்கம் போகிறவர்கள் யாராவது அவள் காதோரம் குனிந்து கேட்டு வாருங்கள். போகும் முன்னே எனக்குச் சொல்லி அனுப்பினால், இந்த வருஷத்துக் கூறை ஒரு சின்னக் கூடையில் போட்டுத் தருகிறேன். பூண்டை மட்டும் கொட்டிக் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். கூடையும் அவளுக்குத்தான்.